மட்டாஞ்சேரியில் ஒரு கேரியர்

கொச்சிக்கு வரும் நம்மவர் மட்டாஞ்சேரி அரண்மனையையும் யூதர் தெருவையும் பார்த்துவிட்டு, மிளகும் ஏலக்காயும் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். முன்னொரு முறை நாமும் அவ்வாறுதான் செய்தோம். இம்முறை மூன்று நாட்கள் தங்கியிருந்தும் அரண்மனை வாயிலை மிதிக்கவில்லை. ஒரு சைக்கிளுக்குப் பின்கேரியர் மாட்டும் முயற்சியிலேயே பொழுது கழிந்துவிட்டது.

மட்டாஞ்சேரிக்கு மேற்கே, கோட்டைக் கொச்சியைச் சேர்ந்த 'வெளி' என்னும் பகுதியில் தோபிக்கானா இருக்கிறது. அங்கே துணி வெளுப்போர் தமிழர். டச்சுக்காரர் தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்தனர் என்று அவர்கள் கூறுகின்றனர். டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தது 1663-ல். ஆங்கிலேயரிடம் இழந்தது 1795-ல். இன்றுள்ள கட்டடம் 1976-ல் எழுந்தது. இத்தனை தலைமுறை கடந்தும் வீட்டுக்குள் தமிழே ஒலிக்கிறது. தெருவில் இறங்கினால் மலையாளம். துவைக்கும் தொட்டிகளுக்கு அப்பால் முறுக்கிய கயிறுகள் வரிசையாகக் கட்டப்பட்டுள்ளன. துணியின் நுனியைக் கயிற்றின் புரிகளுக்கு இடையே செருகிவிடுகிறார்கள். கிளிப் எதுவும் வேண்டியதில்லை. கரி போட்ட கனமான இஸ்திரிப்பெட்டிகள் இன்றும் அங்கே உழைக்கின்றன.

நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் அங்கே தொழில் செய்கிறார். துணியை வெளுத்துத் தேய்த்து மடித்துவிட்டால் வேலை முடிந்ததாகப் பொருளில்லை. அது உரியவர் வாசலைச் சேர்ந்த பின்னரே கூலி. இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அவர் பொறுப்பில் இருந்தன. காலை எட்டு மணிக்குள் அவை போய்ச் சேர வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பெரியவரே தம் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளில் கொண்டு சேர்த்து வந்தார். முழங்கால் வலி முற்றியதால் இவ்வாண்டு அதை நிறுத்த நேர்ந்தது. கல்லூரியில் படிக்கும் பேரன், தான் கொண்டு சேர்ப்பதாக ஏற்றுக்கொண்டான். ஆனால் விடுமுறையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அவன் வாங்கியிருந்த கியர் சைக்கிளில் கேரியர் இல்லை. இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். ஒரு வாரத்தில் ஏற்பாடு ஆகாவிட்டால் இயந்திரச் சலவைக்காரரிடம் கொடுத்துவிடுவதாக விடுதியொன்றிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது அந்த வாரத்தில் மூன்று நாட்களே எஞ்சியிருந்தன.

'பழைய சைக்கிளையே பேரன் ஓட்டினால் என்ன?' என்று அன்பர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். பையன் மறுமொழி கூறாமல் நம்மைத் தெருவுக்கு அழைத்துச் சென்று காட்டினான். கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் இங்கே தெருவுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. மலையாளத்தில் வேலியேற்றம் என்பர். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். பழைய சைக்கிளின் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் ரிம்மைப் பிடிப்பவை. ரிம் நனைந்தால் பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். டிஸ்க் பிரேக்கிலோ, சக்கரத்தின் நடுவே உள்ள சிறிய எஃகுத் தட்டைக் 'கேலிபர்' என்னும் கிடுக்கி கவ்விப் பிடிக்கிறது. சேறும் நீரும் அவ்வளவு எளிதில் அங்கே எட்டுவதில்லை. பாரத்தோடு பாலம் இறங்குகிறவனுக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

தொல்லையும் அந்தக் கிடுக்கியால்தான். அம்பத்தூரில் 1949-ல் தோன்றிய டி.ஐ. கம்பெனியின் ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில் கேரியரின் கால்கள் இரண்டும் நேராக இறங்கி, பின் ஆக்சிலின் நட்டுகளில் அமரும். அங்கே வழிமறிக்க ஒன்றுமில்லை. பையனின் வண்டியில் இடப்பக்கம், கால் இறங்க வேண்டிய அதே இடத்தில் கேலிபர் துருத்திக்கொண்டிருந்தது. சில வண்டிகளில் அது பின்பக்கத்து இரு குழாய்களுக்கும் இடையே அடக்கமாக இருக்கும். அவற்றுக்குச் சாதாரணக் கேரியரே பொருந்திவிடும். பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கும் அன்பர்கள் இதைக் கவனிப்பது நல்லது. ஆக்சிலுக்கு அருகே கேரியர் மாட்டுவதற்கான திருகுத் துளை இருபுறமும் உண்டா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல வேளையாக, பையனின் வண்டியில் துளைகள் இருந்தன.

கேரியர் தேடி மட்டாஞ்சேரியைச் சுற்றியதில் ஊரைப் பார்த்த பயனும் கிடைத்தது. பஜார் ரோட்டில் சுக்கின் நெடி. குஜராத்தித் தெருவில் சமணக் கோயில். செர்ளாயியில் கொங்கணியரின் திருமலைக் கோயில். ஒவ்வொரு திருப்பத்திலும் வேறொரு மொழி காதில் விழுகிறது. வந்தேறியவர்களே கட்டிய ஊர் இது என்று தோன்றியது.

முதற்கடைக்காரர் டிஸ்க் வண்டிக்குக் கேரியரே கிடையாது என்று கையை விரித்தார். இரண்டாம் கடையில் சீட்டுக் குழாயைக் கவ்வி நிற்கும் கேரியரைக் காட்டினார்கள். கீழே கால்கள் இல்லாததால் அது கேலிபரைத் தொடாதுதான். ஆயினும் 10 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. மூட்டையை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம்: 18 கிலோ.

மூன்றாவது கடையில் பிழை நேர்ந்தது. அங்கிருந்தவர் சாதாரணக் கேரியரின் இடக்காலை வளைத்து, கேலிபரைச் சட்டத்தோடு இறுக்கும் போல்ட்டின் அடியிலேயே கொடுத்து முடுக்கிவிட்டார். பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தது; நாமும் மெச்சினோம். மறுநாள் விடியலில் பையன் பாரம் ஏற்றிக்கொண்டு விலிங்டன் தீவு விடுதிக்குப் புறப்பட்டான். தோப்பும்படிப் பாலத்துச் சரிவில் ஒவ்வொரு குலுக்கலும் கேரியர் வழியாக அந்தப் போல்ட்டை ஆட்டியிருக்கிறது. அது தளர்ந்து, கேலிபர் கோணி, பின் பிரேக் பிடிக்காமல் போயிற்று. முன் பிரேக் காப்பாற்றியது. பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. வெள்ளை விரிப்புகள் அத்தனையும் சேற்றில் புரண்டு மீண்டும் துவைக்கும் கல்லுக்கே வந்தன.

பெரியவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. வண்டியைக் கவிழ்த்து நெடுநேரம் பார்த்தார். "பாரம் கால்ல நிக்கணும் தம்பி. பிரேக்குல நிக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டுத் தம் ஹெர்குலிஸின் கேரியரைக் கழற்றத் தொடங்கினார். அந்த வண்டியை இனி ஓட்டப்போவதில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லாதது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

பஜார் ரோட்டை அடுத்த ஒரு சந்தில் வெல்டிங் பட்டறை இருந்தது. கேலிபரைத் தாண்டக் காலை வெளியே தள்ள வேண்டும் என்றால், நீண்ட போல்ட்டில் குழாய்த்துண்டைக் கோத்து நிறுத்துவது எளிய வழி. அதிக பாரத்துக்கு அது உதவாது. சட்டத்தை விட்டு விலகி நிற்கும் போல்ட் நாளடைவில் வளையும், அல்லது ஒடியும். பட்டறைக்காரர் இடக்காலின் அடிப்பகுதியை வெட்டியெடுத்து, 5 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டையை இரண்டு முறை மடித்து அங்கே வைத்தார். பட்டை துளையருகே சட்டத்தோடு ஒட்டி நின்று, பிறகு வெளியே விலகி, கேலிபரைக் கடந்து மேலே போயிற்று. போல்ட் குட்டையாகவே இருந்தது. வளைக்கும் வேலையெல்லாம் பட்டையின் தலையில். வண்டியின் சட்டம் அலுமினியம் ஆகையால் கேரியரைத் தனியே வைத்துத்தான் பற்ற வைத்தார். பழைய முலாமை முதலில் அரத்தால் ராவி நீக்கினார். முலாம் எரிந்தால் எழும் புகை நல்லதன்று.

பிரேக்கைப் பிடித்துக் கேலிபரின் கை முழுதும் அசைய இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். சங்கிலிப் பக்கத்துப் போல்ட்டின் முனை உள்ளே நீண்டு சிறிய பல்சக்கரத்தைத் தொடவில்லை. உப்புக்காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்பதால் மரைகளில் சிறிது கிரீஸ் தடவினோம். கேலிபரையும் அதன் இடத்தில் நேராக நிறுத்தி, அதன் போல்ட்டுகளை அதற்கு மட்டுமே உரியவையாக இறுக்கினார் பட்டறைக்காரர். வேலை முடிந்த களிப்பில் நாம் அந்த எஃகுத் தட்டைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினோம். அவர் பட்டென்று தட்டிவிட்டார். தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்த கை! தட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

விரிப்புகளுக்குப் பதிலாக அரிசி மூட்டையை ஏற்றி, அன்று மாலையே பாலத்தில் மும்முறை இறக்கிப் பார்த்தான் பையன். குதிகால் மூட்டையில் இடித்ததால், மூட்டையைச் சற்றுப் பின்னே தள்ளிக் கட்ட நேர்ந்தது. வேறு குறை இல்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியவர் ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி சோதித்தார்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு அவன் புறப்பட்டான். பெரியவர் வாசற்படியில் அமர்ந்து தேநீர் குடிக்காமலேயே காத்திருந்தார். எட்டேகாலுக்கு மணியோசை கேட்டது. கேரியரில் அடுத்த நாளைக்கான அழுக்கு மூட்டை இருந்தது.