தவணை முடியும் முன்னே தகடு போனால்?

கடன் போட்டு விதை-உரமிடும் கருவி வாங்கிய வீடுகளில் ஒரு கவலை உண்டு. தவணை பாக்கி இருக்கும்போதே உரப்பெட்டியின் அடித்தகடு பொரிந்து உதிரத் தொடங்கிவிடும். மியூரியேட் ஆப் பொட்டாஷில் இருப்பது குளோரைடு உப்பு. யூரியா காற்றின் ஈரத்தை இழுக்கும். மூலையில் ஒரு பிடி உரம் தங்கினாலே போதும், ராத்திரி பகலாக இரும்பைத் தின்னும். வாடகைக்கு ஓடும் கருவி என்றால் நிலைமை இன்னும் மோசம். அடுத்த வயல்காரர் காத்திருக்கும் அவசரத்தில் யாரும் கழுவுவதில்லை.

கடையில் பார்த்தால் எல்லாக் கருவியும் பளபளப்பாகத்தான் நிற்கும். பிரஷ்ஷிலோ ஸ்பிரேயிலோ அடித்த பெயின்ட், கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் நன்றாக ஏறும். வெல்டிங் மூலை, தகடு மடிந்த இடுக்கு, குழாயின் உட்புறம் ஆகியவற்றில் சரியாக ஏறாது. பெரும்பாலும் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் மின்சாரத்தால் பெயின்ட் படிய வைக்கும் முறை. 1960-களில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி இதை கார்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. இன்று தொழிற்சாலைகளில் 'சி.இ.டி. கோட்டிங்' என்கிறார்கள். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, பாஸ்பேட் கரைசலில் முக்குவார்கள். பிறகு பெயின்ட் தொட்டி. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். இரும்புப் பாகத்தை எதிர்முனையாக இணைத்து டி.சி. மின்சாரம் பாய்ச்சினால், நேர்மின்னேற்றம் உள்ள பெயின்ட் துகள்கள் அதில் போய் ஒட்டும். பெயின்ட் படிந்த இடம் மின்சாரத்தைத் தடுப்பதால், அடுத்து வரும் துகள்கள் இன்னும் படியாத இடுக்கைத் தேடிப் போகும். கடைசியாகக் கழுவி, சுமார் 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுவார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பூச்சு தலைமுடியை விட மெல்லியது. சுமார் 20 மைக்ரான்தான். எப்பாக்ஸி வகைப் பூச்சு வெயிலில் சுண்ணாம்பு போல வெளுக்கும் என்பதால், மேலே இன்னொரு பெயின்ட் வேண்டும். சுட்டு முடித்த பிறகு உள்ளூர் பட்டறையில் ஒரு கொக்கி வெல்டிங் வைத்தால், அந்த இடத்தில் பூச்சு கருகிவிடும். துருவைச் சுரண்டி, எப்பாக்ஸி பிரைமரும் மேல் பெயின்ட்டும் அடித்தால்தான் அது தப்பும். மண்ணில் உரசும் கொழுவில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது; அதற்கு கிரீஸ்தான்.

எனவே வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதை விட, "வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் முக்கினார்களா? மூலையிலும் பூச்சு இருக்கிறதா?" என்று கேட்பது நல்லது. விதைப்பு முடிந்த அன்றே பெட்டியைக் காலி செய்து, கழுவி, காயவைத்து, நிழலில் நிறுத்த வேண்டும். அரை மணி நேர வேலைதான். அதைத் தள்ளிப்போடும் வீட்டில் எவ்வளவு நல்ல பூச்சும் அதிக நாள் தாங்காது.