முழங்காலிலிருந்து எழுந்திருக்க



கடந்த ஆண்டு சாரல் காலத்தில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையின் மூத்த சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். “ஐயா, நீங்கள் பீடத்தண்டையில் நெடுநேரம் முழங்காலில் நின்று ஜெபித்தது எங்களைத் தொட்டது” என்றார். நானும் புன்னகைத்து ஸ்தோத்திரம் சொன்னேன். உண்மையை இன்று அறிக்கையிடுகிறேன். ஜெபம் முன்னமே முடிந்துவிட்டது. எழுந்திருக்கக் கால்களில் பெலனில்லாமல்தான் காத்திருந்தேன்.

அதே வாரம் வாலிபரோடு ஐந்தருவிக்குச் சென்றேன். படிக்கட்டில் அமர்ந்தவன், ஒரு தம்பி கைகொடுத்த பிறகே எழுந்தேன். அப்போது, தென்காசியில் நான் சந்திக்கச் செல்லும் முதியவர்களை நினைத்தேன். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களில் சிலர், எழ முடியாமல் வெகுநேரம் தரையிலேயே கிடந்தவர்கள். அவர்களுக்காக ஜெபித்த நானும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நடுவயதைக் கடந்தபின், பயன்படுத்தாத தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. தினமும் நடக்கிறோமே என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். நடை நல்லதே, ஆனால் அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, 2 நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்கிறது. அதற்கு இரும்புக் குண்டுகள் வேண்டியதில்லை. நம் சரீரத்தின் எடையே போதுமானது. நம் முன்னோர் எடுத்த தண்டாலும் பஸ்கியும் அப்படிப்பட்டவையே.

ஆனால் நான் தொடங்கிய விதம் தவறு. இறையியல் கல்லூரி விடுதியில் தண்டால் எடுத்தவன் என்ற பெருமையில், முதல் நாளே 20 எடுத்தேன். தோள் பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு ஆசீர்வாதம் கூறக் கையை உயர்த்த முடியவில்லை. பின்னரே ஒரு மருத்துவரிடம் சென்று, எளியதிலிருந்து தொடங்கக் கற்றேன்.

முதலில் 5 நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து சரீரத்தைச் சூடாக்குங்கள். சுவரில் சாய்த்து வைத்த உறுதியான நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, கையூன்றாமல் 8 முறை எழுங்கள், முடியாவிட்டால் கையூன்றலாம். சுவரில் இரு உள்ளங்கைகளையும் பதித்து, சுவரை நோக்கிச் சாய்ந்து தள்ளி, 8 முறை தண்டால் எடுங்கள். நாற்காலியைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும்; இடையிலுள்ள ஓய்வில்தான் தசை தன்னைச் சீராக்கிக்கொள்கிறது. சில வாரங்களில் எளிதானபின், சுவருக்குப் பதிலாக உறுதியான மேசையின் விளிம்பைப் பிடித்துச் செய்யலாம்.

மூச்சை அடக்காதீர்கள், அது இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். மறுநாள் தசையில் தோன்றும் மந்தமான வலி இயல்பானது. மூட்டில் குத்தும் வலி அப்படியல்ல. நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி உதவி தேடுங்கள். இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களும், அண்மையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். சாரல் நாட்களில் ஈர முற்றத்தில் செய்ய வேண்டாம். நம் ஊர்ப் பாசியின் வழுக்கலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

‘போதகருக்கு ஏன் இந்தப் பேச்சு?’ எனச் சிலர் எண்ணலாம். 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அந்த இயக்கத்தின் முக்கோணச் சின்னம் ஆவி, மனம், சரீரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே குறிக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுலும் தேவபக்தியை மேலாக வைத்தாரேயன்றி, சரீர முயற்சியை அடியோடு தள்ளிவிடவில்லை.

இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் எழுகிறேன். ஐயாவின் ஜெபம் சுருங்கிவிட்டதென்று அந்தச் சகோதரி வருந்த வேண்டாம். ஆமென் சொன்னவுடன் எழுந்து, உங்கள் வீட்டுப் படியேறி வந்து உங்களோடும் ஜெபிக்க, கர்த்தர் இன்னும் சில ஆண்டுகள் பெலன் தருவாராக.