மயில் கழுத்துக் கலர்

ஆன்லைனில் புடவை பார்த்தால் ‘டஸ்டி ரோஸ்’, ‘சேஜ்’, ‘டீல்’ என்று பெயர்கள். என்ன நிறம் வீட்டுக்கு வரும் என்று ஊகிக்கவே முடிவதில்லை. பட்டுக்கடையில் அம்மா “மயில் கழுத்து எடுங்க” என்றால் போதும், கடைக்காரர் அடுக்கிலிருந்து அதையே உருவிப் போடுவார். நீலமும் பச்சையும் பாவும் ஊடையுமாக ஓடுவதால், மடிப்பைத் திருப்பத் திருப்ப நிறம் மாறும். அந்த மினுமினுப்பும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். அரக்கு, பாக்கு, கத்திரிப்பூ, கிளிப்பச்சை எல்லாமே கண்ணால் பார்த்தவற்றின் பெயர்கள்.

எம்.எஸ். ப்ளூ மட்டும் ஓர் ஆளின் பெயரில். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்து செட்டியார் நெய்து கொடுத்த நீலம். அதையும் இன்று கடைக்கொரு விதமாகக் காட்டுகிறார்கள், எனக்கு மனசு ஆறவில்லை.

விற்பவர்களே, என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். பக்கத்திலேயே நம்ம ஊர்ப் பெயரையும் போடுங்கள்.