தரைத்தளத்துச் செங்கல்

தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளிக் கடைவீதியை ஒட்டி வீடு கட்ட என்னிடம் வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கீழே இரண்டு கடை, ஓரமாக மாடிப்படி, மிச்ச இடத்தில் கார், மேலே இரண்டு மாடி வீடு. கடை வாடகையில் வங்கிக் கடன் அடையும், குடும்பம் மேலே இருக்கும். நியாயமான கணக்குதான். ஆனால் அந்த ‘மிச்ச இடம்’ என்ற நினைப்பில்தான் கட்டடம் கெடுகிறது. கார் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தூண் நிற்கும். தூணைப் பொறுத்துத்தான் மேலே சுவர் வரும். அதனால் வண்டியை முதலில் வரைந்துவிட்டுத்தான் நான் படுக்கையறைக்குப் போவேன்.

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். நம் அடிக்கணக்கில் சுமார் எட்டேகாலுக்குப் பதினாறரை. இதை மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினால்தான் வீட்டுக்காரருக்கு அளவு புரிகிறது. வண்டி திரும்பும் வாயிலில் தூணை நிறுத்தக் கூடாது. மூன்றடி உள்ளே தள்ளி நிறுத்தி, அந்த மூன்றடிக்குத் தளத்தை நீட்டிவிட்டால் திருப்பவும் முடியும், கதவையும் திறக்கலாம். தூணின் நீண்ட பக்கம் கார் நிற்கும் திசையிலேயே இருந்தால் இடம் மிச்சமாகும். ஆனால் எல்லாத் தூணையும் அப்படித் திருப்பிவிட்டால் குறுக்குத் திசையில் கட்டடம் வலுவிழக்கும். சிலவற்றையாவது மாற்றித் திருப்பத்தான் வேண்டும்.

தூண் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் 2001 ஜனவரி 26. குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலநடுக்கம் வந்த அன்று, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் நிறைய, கார் நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்துவிட்ட கட்டடங்கள். மாடிகளில் தூணுக்குத் தூண் செங்கல் சுவர் இருந்ததால் அவை பெட்டிபோல விறைப்பாக நின்றன. கீழே வெறும் தூண்கள். ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்களே வாங்கிக்கொண்டு முறிந்தன. அடுத்த ஆண்டே நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 விதி திருத்தப்பட்டு, இப்படித் திறந்த தளத்துத் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும், அல்லது அங்கே தாங்குசுவர் சேர்க்க வேண்டும் என்று வந்தது. அதே விதியின் ஊர்ப்பட்டியலில் தர்மபுரி மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருந்தது. ‘நம்ம ஊர்ல பூமி எங்கீங்க ஆடப்போவுது’ என்று கேட்பவர்களிடம் அந்தப் பட்டியலைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

ஆக, செங்கல்லை மேலே குறைத்துக் கீழே கூட்ட வேண்டும். இதுதான் என் முறை. மாடிச் சுவர்களுக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பியது. சுவர் ஒன்பது அங்குலம்தான், கல் மட்டும் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. தூண் தலையில் ஏறும் பாரமும் குறைகிறது, பொந்திலிருக்கும் காற்று சித்திரை வெயிலை உள்ளே விடத் தாமதிக்கிறது. மூலை கூர்மையாக இருக்கும் சேம்பர் சூளைக் கல்லோ, மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லோ இதற்கு ஏற்றது. நாட்டுச் செங்கல் கல்லுக்குக் கல் அளவு மாறுவதால் வரி நேராக ஓடாது. முதல் மாடியில் இப்படிக் கட்டக் கொத்தனார் முணுமுணுப்பார், வேலை மெதுவாகப் போகும். இரண்டாம் மாடிக்கு வரும்போது கை பழகிவிடும்.

கீழே இதற்கு நேர்மாறு. இடது, வலது இரண்டு பக்கமும் தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஒன்பது அங்குலக் கெட்டிச் சுவர், மேலே பீமோடு இடைவெளி இல்லாமல். ஒரு பக்கம் மட்டும் கட்டி மறுபக்கத்தைத் திறந்துவிட்டால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். மாடிப்படி ஒரு மூலையில் இருந்தாலே பாதி முறுக்கல் வந்துவிடுகிறது, அதனால் எதிர் மூலையிலும் சுவர் கேட்பேன். தூண் அளவைப் பொறியாளர் கணக்குப்படிதான் போடுவேன். சுவர் இருக்கிறதே என்று கம்பியைக் குறைக்க ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வண்டிப் புகை வெளியேறப் பின்பக்கச் சுவரில் ஜாலி, அதாவது கல்லுக்குக் கல் இடைவெளி விட்ட துளைச்சுவர், வைக்கிறேன். ஒன்பது அங்குலக் கல்லுக்கு நடுவே நான்கு அங்குல இடைவெளி விட்டால், மேல்கல் இரண்டு முனையிலும் இரண்டரை அங்குலம் உட்காரும். மூன்றடிக்கு ஒரு தரம் மெல்லிய கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். ஜாலி காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்தான், பலத்துக்கு அதை நம்பக் கூடாது.

வண்டி உரசும் மூலையில் சிமெண்ட் பூச்சு நிற்காது. அங்கே நன்றாக வெந்த கல்லை வெறுமனே விட்டு, முழங்கால் உயரம் வரை கிரானைட் துண்டு பதிப்பேன். நம் மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை.

தரை மட்டம் இன்னொரு சண்டை. எல்லாரும் சாலையைவிட இரண்டடி உயர்த்தக் கேட்கிறார்கள். எட்டுக்கு ஒன்று சரிவு போட்டாலும் இரண்டடி ஏறப் பதினாறடி சாய்தளம் வேண்டும், அது தெருவில்தான் போய் விழும். கார் நிற்கும் தரையை அரையடி உயரத்தோடு நிறுத்தி, கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் படி வைப்பது நல்லது. சாலை உயர்ந்துகொண்டே போகிறதே என்று பயப்படுகிறார்கள். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் அரசே உத்தரவிட்டிருக்கிறது. தெருவில் வேலை நடக்கும்போது அதைக் கேட்டு வாங்குவது வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது.

கடை முன்புறம் ஆறடி விடச் சொல்லும்போதுதான் பேச்சு சூடாகிறது. “ஆறடி வுட்டா அதுக்கு வாடகை யாருங்க குடுப்பாங்க?” இருசக்கர வண்டிக்கு ஒரு மீட்டர் அகலம், ஆறடி நீளம் போதும். அந்த இடம் மனைக்குள் இல்லையென்றால் வாடிக்கையாளர் தெருவில் நிறுத்துவார். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு ஆடு ஏற்றி வரும் வண்டி ஒரு பக்கம், தேய்பிறை அஷ்டமியில் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போகும் வண்டி ஒரு பக்கம் வருகிற சாலை இது. ஆறடி விட்ட கடை முன்னால் ஐந்தாறு வண்டி வரிசையாக நிற்கும், நடந்து போகிறவரும் ஒதுங்கி நிற்கலாம். மேலே நீட்டிய தளம் மழைக்கும் வெயிலுக்கும் குடையாகும். அந்தக் கடை காலியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. அடுத்த மனைக்காரர் வரும்போது அவரை அங்கேதான் அழைத்துப்போய்க் காட்டுகிறேன்.