ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை

காரைக்காலிலிருந்து பொறையார் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி "பூவம் ஒன்று" என்று டிக்கெட் கேட்டால், கண்டக்டர் ஒரு முறை நம் முகத்தைப் பார்ப்பார். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. இந்தப் பக்கம் புதுச்சேரி மாநிலம். வரி வேறு, விலை வேறு. ஆகவே எங்கள் ஊரில் வந்து இறங்குகிறவர்களில் பலர் தாக சாந்திக்காக வருகிறவர்கள். நான் அந்த ரகமில்லை என்பதை என் வெள்ளைத் தலை சொல்லிவிடும் என்று நம்பியிருந்தேன். சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆற்றைத் தாண்டினால் பொறையார். அங்கிருந்து கடல் பக்கம் திரும்பினால் தரங்கம்பாடி. சின்ன வயதில் நடந்தே போய்வருவோம். டேனிஷ்காரர் கட்டிய கோட்டை மதிலில் ஏறிக் குதித்திருக்கிறோம். புதிய எருசலேம் ஆலயத்தின் நிழலில் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றிருக்கிறோம். அந்த ஆலயத்துக்குள்ளே அடக்கமாகியிருக்கும் சீகன்பால்கு ஐயரைப் பற்றி அறுபது வயது வரையில் நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. அவரை நினைப்பதற்கு நான் பாரிஸ் பக்கம் போகவேண்டியிருந்தது.

காரைக்கால்காரர்களுக்கு பிரான்ஸ் அத்தனை தூரத்து ஊரல்ல. ஒவ்வொரு தெருவிலும் அங்கே பிள்ளைகள் இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும். என் மகனும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு குடும்பத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். பேரனுக்கு ஏழு வயதானபோது என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். என் தகப்பனார் காலத்தோடு எங்கள் வீட்டில் பிரெஞ்சு போய்விட்டது. நான் படித்ததெல்லாம் தமிழில். வார்த்தைகளை விற்றுப் பிழைத்தவன் நான். அந்த ஊரில் என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

ஒரு நாள் ரொட்டிக் கடைக்குத் தனியாகப் போகிறேன் என்று வீம்பு பிடித்தேன். பேரன் துணைக்கு வந்தான். கடைக்காரப் பெண்ணிடம், வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தபடி, "அன் பகெத்" என்றேன். அவள் புன்னகை செய்தாள். பேரன் என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, அன் இல்லே, யுன்! பகெத் பொம்பளை!" என்றான்.

"ரொட்டியில் ஏதுடா ஆம்பளை, பொம்பளை?"

"இருக்கு தாத்தா. பகெத் பொம்பளை. ஆனா வெறும் ரொட்டி ஆம்பளை."

கடையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை என்று இன்று தெரிகிறது. அன்று என் காது மடல் சுட்டது. அன்று மாலையிலிருந்து பேரனின் முதல் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவனிடமே பாடம் படிப்பது என்று ஏற்பாடு. பத்து நாள் நடந்தது. பதினோராம் நாள் எனக்குத் தலைவலி. அதன்பின் புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை. மீதமிருந்த இரண்டரை மாதமும் ஜன்னலருகே உட்கார்ந்து பனியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

திரும்பி வந்தபின் ஒரு மாலை தரங்கம்பாடிக்குப் போனேன். கோட்டை இருக்கிறது. கடல் இன்னும் சற்று நெருங்கி வந்திருக்கிறது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ம் தேதி அதே கடல் இந்தக் கரை முழுவதையும் வாரிக்கொண்டு போனதை நினைத்தபடி மணலில் நடந்தேன். சீகன்பால்கு இந்தக் கரையில் வந்து இறங்கியது 1706-ம் வருஷம் ஜூலை 9-ம் தேதி. கூட வந்தவர் புளூட்சோ. இருவரும் ஜெர்மானியர், அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். கோட்டையில் இருந்த அரசரின் சொந்த ஆட்களுக்கே இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. வியாபாரம் செய்ய வந்த இடத்தில் வேதம் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. இறங்கிய அன்று கடைத்தெருவில் இரண்டு பேரையும் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான்.

கடவுளைப் பற்றிச் சொல்ல வந்தவர். சொல்வதற்கு மொழி இல்லை. துறைமுகத்தில் புழங்கிய போர்ச்சுகீஸ் வியாபாரத்துக்குப் போதும், மனசுக்குப் போதாது. அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஊரில் இருந்த ஒரு கிழத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். பையன்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். வாத்தியாருக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது. எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. பிறகு பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் என்பவரைத் துபாஷியாக வைத்துக்கொண்டு அர்த்தத்தைப் பிடித்தார்.

அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு முந்தின நாள் வார்த்தைகளைத் திருப்பிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை புதிய ஏடுகள். பக்கத்தில் ஒரு வயோதிகப் புலவர், புது வார்த்தை வந்தால் உடனே குறித்துக்கொள்ள ஓர் எழுத்தர். சாப்பிடும்போதும் ஒருவர் படித்துக்காட்ட வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வரை மறுபடியும் ஏடுகள். ராத்திரியில் கண்ணுக்குச் சிரமம் என்று மறுபடியும் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது. தரங்கம்பாடி வெயிலில், தடித்த ஐரோப்பியத் துணியில், நாள்தோறும் இது. இதை வாசித்தபோது என்னுடைய பத்து நாளும் தலைவலியும் ஞாபகம் வந்தன.

இதை டீக்கடையில் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்யா, அந்த ஆளு தமிழ் படிச்சது நம்மளை மாத்தறதுக்குத்தானே? இதுல என்ன பெரிசு?" என்றார்.

நியாயமான கேள்வி. நானும் திருநீறு பூசுகிற வீட்டில் பிறந்தவன். நம் சாமிகள் பொய் என்றுதான் அவர் பிரசங்கம் செய்தார். வந்த புதிதில், வழியில் இருந்த ஒரு கோயிலில் மண்ணால் செய்த உருவங்களைத் தள்ளி உடைத்ததையும் அவரே எழுதியிருக்கிறார். இதை மூடி மறைத்து அவரை வெறும் தமிழ்த் தொண்டராகக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வரும்போது இந்த ஜனங்களைக் காட்டுமிராண்டிகள் என்று எல்லா ஐரோப்பியரையும் போலத் தாமும் எண்ணியிருந்ததாகவும், அவர்கள் நூல்களைப் படித்த பிறகு அது தவறு என்று தெரிந்ததாகவும் அவர் எழுதினார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் 1708-லேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். உடைத்த கை, 1713-ல் தென்னிந்திய தெய்வங்களின் வம்சாவளி என்று ஒரு பெரிய நூலை எழுதியது. ஊர் ஊராக எந்தத் தெய்வம், என்ன பூஜை, யார் கும்பிடுகிறார்கள் என்றெல்லாம் நம்மவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஹாலே நகரத்துப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற கருத்துப்பட அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த நூல் 1867-ல்தான், அதுவும் சென்னையில், அச்சாயிற்று. அனுப்பியவர்களுக்கும் ஆகாமல், வந்த இடத்துக் கோட்டைக்கும் ஆகாமல் இருந்த மனிதர். ஒரு விதவையின் வழக்கில் தலையிட்டதற்காகக் கோட்டைத் தலைவர் அவரை 1708-ம் வருஷக் கடைசியில் பிடித்துப் போட்டு, நான்கு மாதம் சிறை வைத்தார்.

வெளியே வந்து மறுபடியும் அதே ஏடுகள், அதே புலவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவை மிகப் பெரியவையாக இருக்கவே, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். ஈயம் போதாமல், சீமையிலிருந்து வந்த பாலாடைக் கட்டியின் ஈய உறையை உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்குப் பொறையாரில் ஓர் ஆலை வைத்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் கதை வரை வந்திருந்தபோது, 1719 பிப்ரவரி 23-ம் தேதி, நாற்பது வயதைக்கூடக் காணாமல் இறந்துபோனார்.

நண்பருக்கு இவ்வளவும் சொன்னேன். உண்மையில் நான் அவருக்குச் சொல்ல விரும்பியது வேறொன்று. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1962-ல், காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தில், எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போது எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டியோடு ஒரு வெளிநாட்டுக் கன்னியாஸ்திரீ வருவார். மதர் என்று கூப்பிடுவோம். ஊருக்குப் புதிது, தமிழும் புதிது. ஒரு நாள் வாய்க்கால் கரையில் எங்களை நிறுத்தி, "காரைக்காலுக்கு எது வலி?" என்று கேட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இங்கேதான் வலி மதர்!" என்று முனகினேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு விஷயம் விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அவரும் சிரித்தார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "நீ எனக்கு வாத்தியார். ஒரு நாள் ஒரு வார்த்தை" என்றார்.

அப்படித்தான் நான் வாத்தியாரானேன். அவர் வருகிற நாட்களில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பாடம் நடக்கும். சம்பளம் ஒரு பெப்பர்மிட்டு. ஒரு நாள், தொண்டையைப் பார்க்கும்போது நோயாளியிடம் என்ன சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்து காட்டிக் கேட்டார். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, "வாயை மூடு" என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் அதைத் தம் எழுத்தில் எழுதிக்கொண்டார். மூன்று முறை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று நான் பாராட்டினேன்.

மறுநாள் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தது என் அப்பாயி. மூன்று நாளாகத் தொண்டை கட்டி, எச்சில் விழுங்க முடியாமல் இருந்தவள். வெள்ளைக்கார அம்மாள் கையில் மருந்து வாங்குவதா என்று முரண்டு பிடித்தவளை அம்மா கெஞ்சிக் கூத்தாடி அழைத்துக்கொண்டு போயிருந்தாள். மதர் குனிந்து, பிரியமாக, "வாயை மூடு" என்றார். அப்பாயி எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பின் அவள் அந்த மரத்தடிக்குப் போகவே இல்லை. தொண்டை வலி எட்டு, பத்து நாள் படுத்தி வைத்துத் தானாகப் போயிற்று. ராத்திரியில் அவள் அனத்துவது பக்கத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்கும். "உன்னை மதிச்சுப் போனேன் பாரு" என்று அம்மாவைத் திட்டுவாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

மதர் இனி வரமாட்டார், வந்தாலும் அப்பாவிடம் சொல்லி என் முதுகுத் தோலை உரிக்க வைப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அடுத்த வாரம் வந்தார். யார் என்ன சொல்லி அவருக்கு விளக்கினார்களோ தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது. மதகில் என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். "வாயை மூடு" என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை. அதற்கு எதிரே கொஞ்சம் இடம் விட்டிருந்தார். என்னைப் பார்த்து, "சரியான வார்த்தை என்ன, வாத்தியார்?" என்றார்.

"வாயைத் திறங்க" என்றேன். குரல் எழும்பவில்லை. அவர் எழுதிக்கொண்டார். பெப்பர்மிட்டு கொடுத்தார். பிறகு, "இன்றைக்கு என்ன வார்த்தை?" என்று கேட்டார்.

ஒன்றிரண்டு வருஷத்தில் அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. தைரியம் வந்தபோது அவர் எங்கே இருந்தாரோ. விசுவாசம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பீடத்தையும் மெழுகுவர்த்தியையுமே நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது அந்த மதகுதான் நினைவுக்கு வருகிறது. ஏமாற்றிய பையனிடமே திரும்பி வந்து, இந்தத் தடவை சரியாகச் சொல்வான் என்று நோட்டை நீட்டிய அந்தக் கை. அவருடைய கடவுளை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கையை மறுக்க முடியவில்லை. கிழ வாத்தியாரின் முன்னால் மணலில் உட்கார்ந்த இளைஞரும் இதே நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அர்த்தம் தெரியாமல் எழுத்தை எழுதிக்கொண்டே போக வேறு என்ன துணை?

போன வாரம் பொறையாரில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பேரன் டெலிபோனில் வருவான். அவனுக்குத் தமிழ் தேய்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு பிரெஞ்சு வளரவே இல்லை. இந்தத் தடவை அவனிடம், "வாத்தியாரே, இன்றைக்கு என்ன வார்த்தை?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். "சூப்பர் தாத்தா" என்று பாராட்டிவிட்டு, போனுக்கு அப்பால் களுக்கென்று சிரித்தான்.

என்ன வார்த்தை சொல்லிக்கொடுத்தானோ, தெரியவில்லை. எழுதி வைத்திருக்கிறேன். எதிரே கொஞ்சம் இடமும் விட்டிருக்கிறேன்.