71 பக்கம்

2004 ஏப்ரல் 6. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட் நகரில் வாக்கெடுப்பு. வால்மார்ட் அங்கே 60 ஏக்கரில் கடை வளாகம் கட்ட நினைத்தது. நகர மன்றம் வழிவிடவில்லை. நிறுவனம் கையெழுத்து திரட்டி, நேராக மக்கள் ஓட்டுக்கே போனது.

அந்த முன்மொழிவு 71 பக்கம். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறமாட்டேன் என்கிறது. நிறைவேறியிருந்தால் சுற்றுச்சூழல் ஆய்வு கிடையாது, கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. பின்னாளில் அதில் மாற்றம் செய்யவும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். உன் ஊரில் கட்டுவேன், நீ எதுவும் கேட்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம்?

மாதச் சாமானை மலிவாக வாங்கப் பெரிய கடைக்குப் போகிறவள்தான் நானும். கடையே வரக் கூடாது என்று சொல்லமாட்டேன். இங்கிள்வுட்டும் மலிவு விலையை, வேலைவாய்ப்பைத் தள்ளிவிடும் வசதி படைத்த ஊரல்ல. கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் பெரும்பான்மையாக வாழும் உழைப்பாளிகளின் ஊர். நிறுவனம் பிரசாரத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. எதிர்ப்பக்கம் போதகர்களும் தொழிற்சங்கத்தினரும் குடியிருப்பவர்களும் கைகோத்து நின்றார்கள். 60 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த நிலம் இப்போது சோஃபை விளையாட்டரங்க வளாகத்தோடு சேர்ந்துவிட்டது. அந்தத் திட்டமும் கையெழுத்து மனுவாகத்தான் வந்தது. 2015-இல் நகர மன்றம் அதை ஓட்டுக்கு விடாமலே ஏற்றுக்கொண்டது. சுற்றுச்சூழல் ஆய்வு அப்போதும் இல்லை.