தேய்ந்த தீவும் செப்பனிடும் கையும்

தொழிலின் பொருட்டு மனிதன் குலைத்த கரையை அம்மனிதனே மீளச் செப்பனிடல் கூடுமோ என்னும் வினா பல தேயங்களில் எழுந்துள்ளது. வேல்ஸ் நாட்டிலே நிலக்கரி ஏற்றுமதியாற் பெயர் பெற்ற கார்டிஃப் துறைமுகம், அத்தொழில் ஒழிந்தபின் பாழடைந்து கிடந்தது. 1999-ஆம் ஆண்டில் அக்குடாவின் குறுக்கே அணை கட்டி முடித்து, நன்னீர் ஏரி அமைத்து, கரையைப் புதுக்கினர். காண்போர்க்கு அஃது இனிதே. ஆயினும் சேற்று நிலத்தில் இரைதேடிய பறவைகள் தம் இடத்தை இழந்தன. சீர்திருத்தத்திலும் இழப்போர் உளர்.

நம் நாட்டில் இதனோடு ஒப்பிடத்தக்கது தூத்துக்குடிக் கடலேயாம். இங்கே முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. பவளப்பாறை பெயர்க்கும் தொழிலோ அதன் பின்னும் நெடுநாள் நீடித்தது. பெயர்த்த கல் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகட்கும் சென்றது. திரண்டு வளரும் பவளம் ஓராண்டில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டரே வளரும். ஆதலின், கடப்பாரை ஒரு பகலிற் பெயர்த்ததைக் கடல் ஒரு தலைமுறையிலும் திருப்பித் தரமாட்டாது. பாறை நீங்கவே, அதன்மேல் உடையவேண்டிய அலை தீவின் மணலில் வந்து உடைந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருள் மறைந்தன. வான் தீவும் காரைச்சல்லியும் தேய்ந்து சுருங்கின. இத்தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளம் வனவுயிர்ச் சட்டத்தின் முழுக் காவலுக்கு உட்பட்டது. சில ஆண்டுகளிற் கல்லெடுப்பு நின்றது.

யாம் தருவைகுளம் சென்றிருந்த ஞான்று, வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதுபற்றி வினவினோம். “தம்பிமாரே, கல்லெடுத்த கூலியில் உலை வைத்த வீடுகள் இக்கரையிற் பல. எடுக்கலாகாது என்றார்கள், விட்டோம். வேறு பிழைப்பு யாது என்று சொல்லத்தான் ஒருவரும் வரவில்லை. மீன்குஞ்சு தங்கப் பார் வேண்டும் என்பதைக் கடலோடிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை” என்றார். அவர் குரலிற் சினமில்லை. அதுவே எம்மை வருத்தியது.

2015-ஆம் ஆண்டு முதல் வான் தீவைச் சூழத் துளையுள்ள சிமெண்டுக் கட்டிகளை இறக்கினர். அலையின் வேகம் அவற்றில் தணிகின்றது; மணல் தங்குகின்றது; பவளக் குஞ்சுகள் பற்றி வளர்கின்றன; மீனும் ஒதுங்குகின்றது. எனினும் சிமெண்டு பாறையாகாது, பாறைக்கு இடமே தரும். 2010-இலும் 2016-இலும் கடல்நீர் வெம்மையுற்றுப் பவளம் வெளிறி மடிந்ததையும் நாம் மறக்கலாகாது.

கட்டிகளை எண்ணுவது எளிது. கல்லெடுப்பை விட்டவரின் அடுப்பு எரிகின்றதா என்று எண்ணுவதும் செப்பனிடுதலின் ஒரு கூறேயாம். கடல்நூல் கற்கும் எம்மனோர், தீவின் அளவைக் குறிக்கும் ஏட்டிலேயே அக்கணக்கையும் எழுதக் கடவோம்.